‘தன் கையே தனக்கு உதவி’ என்பதன் பொருள்

‘தன் கையே தனக்கு உதவி’ என்பது நம் நாட்டில் பாட்டன் பாட்டி காலம் முதல் வழங்கிவரும் பழமொழி. ‘ஒரு கை தட்டினால் ஓசை எழாது’ என்பதும் அவ்வாறே வழங்கிவருவது. முன்னதைக் கேட்டால், பிறர் துணையை எதிர்பாராமல் அவரவர் காரியத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. பின்னதைக் கேட்டால், தனி ஒருவரால் ஆவது ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே மக்களின் வாயிலிருந்து பிறந்தவை. அப்படியானால் இவற்றுள் எது மெய்? இரண்டும் மெய்யானால் அவை எவ்வாறு பொருந்துகின்றன?

இது பொழுதுபோக்கிற்காக எழுப்பும் கேள்வி அன்று. சங்கத்தில் பங்கு எடுப்பதா வேண்டாமா, நெய்த லுங்கியைச் சங்கத்தில் கொடுப்பதா அன்றிச் சில ரூபாய் கூடுதலாகத் தரும் வெளி வியாபாரியிடம் கொடுப்பதா, மகாசபைக் கூட்டத்திற்குச் செல்வதா அல்லது ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று வீட்டில் இருந்துவிடுவதா என்பதை நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் முடிவு செய்கின்றனர். அம்முடிவு ஒவ்வொன்றிலும், இப்பழமொழிக்கு அவர்கள் கொள்ளும் பொருள் மறைந்து நிற்கிறது. ஆகவே, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019-ஆம் ஆண்டில் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்த நம் பாலாற்றுச் சீமையின் அனுபவத்தைக் கொண்டே இதனை ஆராய விரும்புகிறோம்.

பழமொழி சொல்வதும் சொல்லாததும்

பழமொழியை நிதானமாக மறுபடியும் சொல்லிப் பார்ப்போம். கை யாருடையதாக இருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. எத்தனை கைகள் இருக்க வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. ‘தன்’ என்ற சொல்லுக்குத் ‘தனியாக’ என்ற பொருளை ஏற்றியவர்கள் நாமே.

ஊர்த் தேரின் வடத்தைப் பிடிக்கும் ஆயிரம் பேரில் ஒவ்வொருவரும் தம் கையால்தான் இழுக்கின்றனர். தேர் நகர்வது ஆயிரம் கைகளால். ஆயினும் அவற்றுள் எதுவும் இரவல் கை அன்று. அதே கூட்டத்தில், வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவரும் உண்டு. தேர் நகர்வதைக் கண்டு அவரும் மகிழ்கிறார். ஆனால் எல்லோரும் அவரைப் போலவே நடந்தால் தேர் நிலையை விட்டு அசையாது. இவ்வாறு நோக்கினால் இரு பழமொழிகளுக்கும் இடையே பகை இல்லை என்பது விளங்கும். ஓசை எழுவதற்குப் பல கைகள் வேண்டும். அவை ஒவ்வொன்றும் அவரவர் சொந்தக் கையாக இருக்கவும் வேண்டும்.

மணலுக்கு அடியில் ஓடிய நீர்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 222 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடையும் பாலாற்றில், ஆண்டின் பெரும்பகுதி மணலே கண்ணுக்குத் தெரியும். எனினும் மணலுக்கு அடியில் நீர் ஓடுவதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மணலை வெட்டி ஊற்றுக்கால் அமைத்து, அந்நீரை வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுசென்றனர். வெள்ளம் வந்து போகுந்தோறும் ஊற்றுக்கால் தூர்ந்துபோகும். அதை ஒரு குடும்பம் வெட்டித் தீராது. பாசனத்தால் பயன்பெறும் குடிகள் மண்வெட்டியும் கூடையுமாக ஒன்றுசேர்ந்து இறங்கித் தூர் எடுத்தனர். குடிமராமத்து என்று பெயர் பெற்ற வழக்கம் இதுவே.

இவ்வழக்கம் தளரத் தொடங்கியபோது, சென்னை அரசாங்கம் 1858-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்து வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க அச்சட்டம் வழி செய்தது. உள்ளத்தால் செய்துவந்த ஒன்றைச் சட்டத்தால் செய்விக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதையே அது காட்டுகிறது. அக்காலத்தைப் பொற்காலமாக நாம் புகழவும் வேண்டியதில்லை. உழைப்பின் சுமை எல்லார் தோள்மீதும் சமமாக விழவில்லை. சொந்த நிலம் இல்லாத ஏழைகளின் தோள்மீதே அது மிகுதியாக விழுந்தது. பயன் ஒருவருக்கும் பளு மற்றொருவருக்கும் என்று ஆகிவிட்டால், பல கைகள் கூடியிருந்தாலும் அது ‘தன் கை’ ஆகாது. கூட்டுறவு இயக்கம் சமத்துவத்தை முதல் விதியாகக் கொண்டதற்குக் காரணம் இதுவே. பங்கு எத்தனை இருந்தாலும் அங்கத்தினர் ஒருவருக்கு வாக்கு ஒன்றே.

தறிக்காரரும் சங்கமும்

குடியாத்தம் லுங்கியின் பெயரை அறியாதவர் சிலரே. தறியில் அமர்ந்து நெய்பவரைவிடத் தம் கையை நம்பி வாழ்பவர் வேறு யார்? இருந்தும், நூலுக்கு ஒருவரையும், விற்பனைக்கு ஒருவரையும், அவசரச் செலவுக்கு ஒருவரையும் அவர் எதிர்பார்த்து நிற்க நேர்கிறது. அம்மூவரும் ஒரே முதலாளியாக அமைந்துவிட்டால், கை நெசவாளருடையதாக இருந்தாலும் அதன் பலன் அவருடையதாக இராது. கூலியைக் கூட்டிக் கேட்கும் துணிவும் அவருக்கு வராது. ஏனெனில் மறுநாள் பாவு வராமல் போகலாம். தனித்து நிற்பது தன்னம்பிக்கை என்று எண்ணுவோர், இந்த நிலையை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டில் கூடிய 28 பேர் இதைக் கண்டுகொண்டனர். அவர்களுள் நெசவாளர்கள் பலர். ஆளுக்கு ஒரு பவுன் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து, அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி முதலிய சில பொருள்களே அக்கடையில் இருந்தன. எந்தச் செல்வரும் அதற்கு முதல் போடவில்லை. உலகெங்கும் பரவிய கூட்டுறவு விதிகளுக்கு அக்கடையே மூலமாயிற்று.

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமக் கடன் சங்கம் தொடங்கப்பெற்றது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் நெசவாளர் கூட்டுறவு ஸ்தாபனம் 1935-ஆம் ஆண்டில் தோன்றியது. நூலை மொத்தமாக வாங்குவது, துணியை ஒரே பெயரில் விற்பது, லாபத்தைப் பங்கிடுவது ஆகிய மூன்றும் தனி நெசவாளரால் ஆகாதவை; சங்கத்தால் ஆகின்றவை.

விளைவிப்போருக்கும் இஃது ஒக்கும். இலவம்பாடிப் பகுதியில் விளையும் முள்ளுக் கத்திரிக்காய், வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்ற பெயரால் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயர் தனி ஒரு விவசாயியின் சொத்து அன்று. அதை விளைவிப்போர் அனைவருக்கும் உரியது. ஒருவர் வேறு காயை அப்பெயரில் விற்றால், சந்தையில் கெடுவது எல்லோருடைய நாணயமும் ஆகும்.

கொடையால் நிலைக்காதது

கூடி நின்றால் போதுமா? கூடியவர்கள் பிறர் கொடையை நம்பி நின்றால் என்ன நேரும்? இதற்கு ஜெர்மனியின் ரைஃபைசன் என்பாரின் அனுபவம் விடை தருகிறது. 1840-களின் பஞ்சத்தில் அவர் ஒரு கிராமத்து அதிகாரியாக இருந்தார். வசதி படைத்தவர்களிடம் பொருள் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டியும், பின்னர்க் கடனும் கிடைக்கச் செய்தார். நல்ல எண்ணத்துடன் நடந்த அப்பணி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொடுப்போரின் ஆர்வம் குறையக் குறைய, சங்கமும் தளர்ந்தது. கடன் பெறுவோரே அங்கத்தினராகவும் பொறுப்பாளிகளாகவும் இருந்தாலன்றிச் சங்கம் நிலைக்காது என்று கண்டு, 1864-ஆம் ஆண்டில் ஹெட்டஸ்டார்ஃப் என்ற ஊரில் அவ்வாறான கடன் சங்கத்தை அமைத்தார். அவருடைய முறையை ஆராய்ந்தே பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்திற்குக் கூட்டுறவைப் பரிந்துரைத்தார்.

ஆப்பிரிக்காவிலும் இதே பாடம் உண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில் மரகோலி மக்கள் வாழும் மேட்டுநிலம், மக்கள் நெருக்கத்தால் சிறு சிறு துண்டு நிலங்களாகப் பிரிந்தது. அந்நாடு 1963-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றபோது, ‘ஒன்றாக இழுப்போம்’ என்ற பொருள்படும் ‘ஹராம்பே’ என்ற சொல்லைத் தன் முழக்கமாகக் கொண்டது. ஊர் மக்கள் பணமும் உழைப்பும் தந்து பள்ளிகளையும் மருந்தகங்களையும் எழுப்பினர். காலப்போக்கில் அரசியல் பிரமுகர்கள் பெருந்தொகை கொடுத்துப் பெயரும் வாக்கும் தேடும் மேடையாக ஹராம்பே கூட்டங்கள் மாறலாயின. 2003-ஆம் ஆண்டில், அரசுப் பதவியில் இருப்போர் அவ்வாறு வசூல் செய்வதைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சிறு கைகள் பல சேர்ந்து இழுத்த வடத்தைப் பெரிய கை ஒன்று பற்றிக்கொண்டால், மற்றவை தாமே தளர்ந்துவிடும்.

தோல் தொழில் கற்பித்த பாடம்

நம் சீமைக்கே உரிய அனுபவம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் தன் கையைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சென்னைத் துறைமுகத்தோடு இணைந்த இச்சீமையில், பாலாற்று நீரும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. 1970-களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் உருவாயின. பச்சைப் பொருளைக் கொடுத்துவிட்டுப் பிறர் செய்த பண்டத்தைப் பார்த்து நிற்காமல், பண்டத்தையே நம் கைகள் செய்தன. காலணி ஆலைகளில் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை கிடைத்தது. இதுவும் சுயசார்பே, இதன் பெருமையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அக்கணக்கில் ஒரு செலவு எழுதப்படாமல் இருந்தது. தோலை ஊறவைக்கவும், சுண்ணாம்பிட்டு மயிர் களையவும், பதனிடவும், கழுவவும் மிகுதியான நீர் வேண்டும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க இடும் உப்பு ஊறல் நீரில் கரைந்து வெளியேறும். குரோமியம் முதலிய இரசாயனங்கள் பதனிட்ட நீரில் எஞ்சும். அந்நீர் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டது. ஒவ்வோர் ஆலையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது; கழிவை மட்டும் ஊர் பார்த்துக்கொண்டது. கிணற்று நீர் உவர்த்தது. வயல்கள் விளைச்சலை இழந்தன. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போனது என்ற ஆய்வு, உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பாதிக்கப்பட்டோர்க்கு உரிய இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் கட்டளையிட்டது. அவ்வாணையம் வேலூர் மாவட்டத்தில் 29,000-க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கண்டறிந்தது.

பழமொழியின் பொருள் இத்தீர்ப்பில் மேலும் ஒரு படி விளங்குகிறது என்று நாம் கருதுகிறோம். வருவாயைத் தன் கையால் எடுத்துக்கொண்டு, செலவை அடுத்தவர் கிணற்றில் கொட்டுவோர் தம் கையை நம்பி வாழ்கிறவர்கள் அல்லர். அடுத்தவர் கையை அவர் அறியாமலே இரவல் வாங்கி வாழ்கிறவர்கள். தன் கை சிந்தியதைத் தன் கையே துடைக்க வேண்டும் என்பதும் அப்பழமொழிக்குள் அடங்கியதே.

துடைப்பதற்கும் தனி ஆலையால் இயலவில்லை. கழிவு நீரைச் சுத்திகரிக்க நிலமும், மின்சாரமும், இயந்திரங்களும், தேர்ந்த பணியாளர்களும் வேண்டும். சிறு ஆலைகள் பலவற்றிற்கு அவை எட்டாதவை. ஆகவே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய இடங்களில் பல ஆலைகள் ஒன்றுகூடித் தொகை செலுத்தி, அரசு மானியமும் கடனும் பெற்று, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. தனித்து இயலாததைக் கூடி முடிக்கும் வழியை, போட்டியாளர்களாகிய முதலாளிகளே ஏற்க வேண்டியதாயிற்று.

பொது நிலையம் அமைந்ததும் அவரவர் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. 2015 ஜனவரி 31-ஆம் நாள் அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிருந்த ஆலையில் உறங்கிய தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். பொதுவுடைமை என்றால் எல்லோரும் காவல் காக்க வேண்டிய உடைமை என்று பொருள். ‘எல்லோருக்கும் உரியது’ என்பது ‘எவரும் பார்க்க வேண்டாதது’ என்று மாறும் இடத்தில் சுவர் விரிசல் காணும்; சங்கமாயின் கணக்கு விரிசல் காணும்.

இழப்பீட்டின் கதையும் இன்னும் முற்றவில்லை. முதல் தீர்ப்பு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின், 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு விரைவில் அதை வழங்குமாறும், அதை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்குமாறும், சீர்கேட்டைக் கண்காணிக்கக் குழு அமைக்குமாறும் ஆணையிட்டது. காலத்தில் துடைக்காத கறை தலைமுறைகளின் தலைமீது ஏறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாகநதியின் பெண்கள்

இச்சீமையிலேயே மனத்திற்கு ஊக்கம் தரும் காட்சியும் உண்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. 2010-களில் அதன் கரையூர்ப் பெண்கள், ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறுகளைத் தோண்டினர். சிறு தடுப்பணைகளை எழுப்பினர். ஏறத்தாழ 20,000 பெண்கள் இப்பணியில் பங்குகொண்டதாகச் செய்திகள் கூறின. ஓடும் நீரை நிறுத்தி ஆழத்திற்கு அனுப்பினால், நிலத்தடி நீர் உயர்ந்து, பின்னர் அதுவே ஆற்றுக்கு ஊற்றாகும் என்பதே இதன் தத்துவம். ஊர்க் கிணறுகளில் நீர் ஏறியது. 2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் இப்பெண்களின் பணியைக் குறிப்பிட்டார்.

கூலி அரசிடமிருந்து வந்தது, உண்மை. தொழில் நுட்பம் தெரிந்தவர்கள் வழிகாட்டினர், அதுவும் உண்மை. ஆயினும் மண்ணை வெட்டிய கை அவ்வூர்க் கை; நீர் ஏறிய கிணறும் அவ்வூர்க் கிணறு. ஆகவே அங்கே உதவி, கையை முடமாக்கவில்லை. கைக்கு மண்வெட்டி ஆயிற்று.

அரசின் கை எங்கே நிற்க வேண்டும்?

அரசின் உதவியே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. தள்ளுபடி மானியமும், பள்ளிச் சீருடைக்கும் 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்திற்கும் வரும் ஆணைகளும் இல்லாவிடில், பல தறிகள் என்றோ நின்றிருக்கும். அவை நம் உரிமை. உரிய காலத்தில் அவற்றைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் கடமை. ஆனால் அரசு ஆணை ஒன்றையே நம்பிச் சந்தையை மறந்த சங்கம், ஆணை தாமதமாகும் ஆண்டில் அங்கத்தினருக்கு வேலை தரத் தவித்து நிற்கும்.

நெசவாளர் சேமிப்புத் திட்டத்தை நோக்குக. முதலில் நெசவாளரின் கூலியிலிருந்து ஒரு பகுதி சேமிப்பாகிறது; அதன்மேல் அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. முன்னே நெசவாளர் கை. பின்னே அரசின் கை. இவ்வரிசை மாறாதிருக்கும் வரை உதவியால் கேடு இல்லை.

நம் கடமை

‘அடுத்தவர் தம் பங்கைச் செய்யாதபோது நான் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?’ என்று சில அங்கத்தினர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. அதற்கு விடை, வடத்தை விட்டுவிடுவதில் இல்லை. தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கும் துணிவில் இருக்கிறது. அந்தத் துணிவுக்கு உரிய இடம் மகாசபை. வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினருக்குப் படித்துக் காட்டுங்கள். தணிக்கைக் குறிப்புகளுக்கு நிர்வாகக் குழுவினர் தந்த பதிலைக் கேளுங்கள். நூல் இருப்பையும், விற்காத துணியின் இருப்பையும் நேரில் பாருங்கள். வாங்கிய கடனைத் தவணை தவறாது செலுத்துங்கள். ஏனெனில் உங்கள் நிலுவை, அடுத்த அங்கத்தினருக்குக் கிடைக்காமற்போகும் கடன். சாயப் பட்டறை நடத்தும் சங்கங்கள், சாய நீர் எங்கே போகிறது என்பதை இன்றே விசாரியுங்கள். தோல் ஆலைகள் இறுக்க வேண்டிவந்த கடனை நாமும் நம் பிள்ளைகள்மீது ஏற்றிவைக்க வேண்டாம்.

ஒருவர் கையில் உள்ள ஐந்து விரல்களும் சமமாக இல்லை. ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தே நிற்கின்றன. எனினும் நாடாவைப் பிடிக்கும்போதும் கலப்பையைப் பிடிக்கும்போதும் அவை கூடிவிடுகின்றன. கட்டைவிரல் தன் வேலையைச் சுட்டுவிரலிடம் ஒப்படைப்பதில்லை. சுட்டுவிரலும் கட்டைவிரலை ஒதுக்கிவிடுவதில்லை. நம் முன்னோர் ‘தன் விரலே தனக்கு உதவி’ என்று சொல்லாமல் ‘தன் கையே’ என்று சொன்னார்கள். சங்கம் நம் கை. அங்கத்தினர் அதன் விரல்கள். இவ்வாண்டு மகாசபைக்கு அங்கத்தினர் அனைவரும் தவறாது வருக!